அமாவாசைப் பாவு

காஞ்சிபுரத்தில் விடியற்காலையில் சைக்கிள் விடுகிறவனுக்குத் தெரு ஞானம் வேண்டும். நெசவுக்காரர்கள் இருக்கிற தெருவில் அந்த நேரத்துக்குப் பாவு நீட்டியிருப்பார்கள். சேலையின் நீளவாக்கில் ஓட வேண்டிய ஆயிரக்கணக்கான பட்டு இழைகளைத் தெரு நடுவே இழுத்துக் கட்டி, கஞ்சி பூசி, வெயில் ஏறுவதற்குள் உலர்த்திச் சுருட்டிவிடுவார்கள். பால்காரனும் கீரைக்காரியும் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். வெளியூர்க்காரன் எவனாவது பெல் அடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தால் அவனுக்கு நடக்கிற அர்ச்சனை ஏகாம்பரநாதருக்குக்கூட நடக்காது. பாவைச் சுருட்டி முடித்ததும் வீட்டுக்காரன், "பாவு எடுத்தாச்சு, வழி வுடலாம்" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி குரல் கொடுப்பான். யாராவது ஒருத்தர் உள்ளேயிருந்தபடியே, "ஆச்சா, நல்லா நெய்யி" என்பார்கள். அதற்குப் பிறகுதான் வண்டி, மாடு, சைக்கிள் எல்லாம்.

அமாவாசைக்கு இது எதுவும் கிடையாது. அன்றைக்குத் தறி ஓடாது, பாவும் தெருவுக்கு வராது. நெசவுக்காரர்கள் தலைமுழுகி, படையல் போட்டு, மத்தியானம் தூங்கி, சாயந்திரம் சினிமாவுக்குப் போவார்கள். அதனால்தான் நாள் கேட்டபோது, நெசவுக்காரர் வீட்டுப் பெண் மங்கையர்க்கரசி அமாவாசையைச் சொன்னாள்.

எழுபத்திமூன்றாம் வருஷம், மாசி மாதம். பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் ஏலவார்குழலி என்று ஒரு டிரில் டீச்சர் இருந்தாள். ஆறாம் வகுப்பில் மைதானம் கொள்ளாமல் நிற்கிற பெண்கள் ஒன்பதாம் வகுப்புக்குள் பாதியாகிவிடுவது அவளுக்கு ஆறவில்லை. வயசுக்கு வந்த பெண் தெருவில் தனியாக நடக்கக்கூடாது, ரிக்‌ஷா வைக்க வழியில்லை, ஆகவே படிப்பு போதும். அவ்வளவுதான் காரணம். டீச்சர் கல்யாணம் செய்துகொள்ளாமல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓர் அறை எடுத்துத் தானே பொங்கித் தின்றுகொண்டிருந்தவள். அவளைப் பற்றிப் பேச ஊருக்குள் ஏற்கெனவே நிறைய இருந்தது. இன்னும் கொஞ்சம் சேர்ந்தால் என்ன என்று நினைத்தாளோ என்னவோ, ஒரு ஊர்வலம் நடத்தக் கிளம்பிவிட்டாள்.

செவிலிமேட்டில் புறப்படுவது, ஒவ்வொரு தெருமுனையிலும் நின்று அங்கிருக்கிற பெண்களைச் சேர்த்துக்கொள்வது, சைக்கிள் உள்ளவர்கள் சைக்கிளிலும் மற்றவர்கள் நடந்தும் பெரிய காஞ்சிபுரத்துப் பள்ளிக்கூடம் வரைக்கும் போவது. கும்பலாய்ப் போனால் ஒன்றும் ஆகாது என்பதைப் பெற்றவர்கள் ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் போதும் என்பது அவள் எண்ணம். தலைமையாசிரியை, "செய்யுங்க, ஆனா நான் சொன்னேன்னு சொல்லாதீங்க" என்று ஒதுங்கிக்கொண்டார்.

மைதானத்தில் பெண்களை உட்காரவைத்து டீச்சர் கேட்டாள்.

"சைக்கிள் போவறதுக்குத் தெருவெல்லாம் என்னைக்கு ஒழிஞ்சு இருக்கும், சொல்லுங்க."

"அமாவாசை வெச்சிக்கலாம் டீச்சர்" என்று மங்கை எழுந்து நின்றாள். "அன்னைக்கு எங்க தெருவுல பாவு இருக்காது. சனிக்கிழம வேற வருது, ஸ்கூல் லீவு."

"நல்ல பொண்ணு. உங்க தெரு வழியாவே போவோம்."

பின்வரிசையிலிருந்து எல்லம்மாள் கையைத் தூக்கினாள். செவிலிமேட்டுக் காலனியிலிருந்து வருகிறவள். அப்பா அம்மா இரண்டு பேரும் கழனி வேலைக்குப் போகிறவர்கள்.

"டீச்சர், நாங்க தெனம் நடந்துதான வந்துக்கினு இருக்கோம். நடக்கிறதுக்கு இன்னாத்துக்கு டீச்சர் விழா?"

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தாள்.

"உன்ன மாதிரி எல்லாரும் நடக்கணும்னுதான் விழா. நீதான் முன்னால கொடி புடிச்சிக்கினு வரப்போற."

"அப்ப சரி டீச்சர். செருப்பு போட்டுக்கினு வரணுமா?"

"வேணாம்."

"நல்லதாப் போச்சு. இருந்தாத்தான போடறதுக்கு."

இந்த யோசனையே டீச்சருக்கு மங்கையைப் பார்த்துத்தான் வந்தது. அந்தப் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் வருகிற பெரிய பெண் அவள் ஒருத்திதான். அவள் அப்பா காசிநாதன், மாற்றலாகிப் போன ஒரு நர்சம்மா விட்டுச் சென்ற பழைய லேடீஸ் சைக்கிளை வாங்கிவந்து, மட்கார்டைத் தட்டி நிமிர்த்தி, மகளுக்குத் தானே சொல்லிக்கொடுத்தான். நாள் முழுக்கத் தறிக்குழியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிற மனுஷன். அவன் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஏகாம்பரநாதர் சன்னதித் தெருவில் வேட்டியை மடித்துக் கட்டி ஓடியதைப் பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஒருநாள் அவன் கையை விட்டது தெரியாமலே அவள் கோபுரம் வரைக்கும் போய்விட்டாள். மூச்சு வாங்க நின்ற காசிநாதனுக்கு, அவள் பிறந்த அன்றைக்கு இருந்த சந்தோஷம் மறுபடியும் வந்தது. வீட்டுக்கு வந்து மனைவி கங்கையம்மாளிடம் அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். அவள், "கீழ வுழாம வந்தாளே, அது போதும்" என்றாள்.

ஒரு பெண் சைக்கிள் விட்டவரைக்கும் தெரு சிரித்துக்கொண்டு சும்மா இருந்தது. ஊர்வலம் என்று பேச்சு வந்ததும் வீட்டுக்கு வீடு பெண்கள் சைக்கிள் கேட்க ஆரம்பித்தார்கள். அப்போது சிரிப்பு நின்றுபோனது. தெருவுக்குப் பெரியதனக்காரரான கைலாசம் ஒரு சாயந்திரம் காசிநாதன் வீட்டு வாசலுக்கு வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"ஏம்பா காசி, பொண்ணு சைக்கிள் ஏறிப் போவுதாமே."

"போவுதுங்க. நல்லாவே வுடுது."

"நல்லா வுடுது, சரி. இப்ப என் பேத்தியும் கேக்குது. சம்பந்தம் பொண்ணும் கேக்குது. வயசுக்கு வந்ததுங்க. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"சைக்கிள்ல போனா இன்னாங்க ஆயிடப்போவுது?"

"நீ நிறுத்திட்டீன்னா மத்ததுங்களும் அடங்கிடும். உங்கிட்ட கேக்கறது அவ்ளோதான்."

காசிநாதன் தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான்.

"அது ஆசையா ஓட்டுதுங்க. நான் எப்படிங்க நிறுத்தச் சொல்லுவேன்?"

"சரிப்பா. நான் வேற எதுவும் சொல்லல" என்று கைலாசம் போய்விட்டார்.

அவர் சொன்னபடி வேறு எதுவும் சொல்லத்தான் இல்லை. ஆனால் பாவு நீட்டுவது ஒரு வீட்டுக்காரர்களால் ஆகிற வேலை இல்லையே. முந்தின நாள் சாயந்திரம் வீடு வீடாகப் போய், "நாளைக்கு நம்ம வூட்டுப் பாவு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். விடியும்போது கூப்பிடாமலே வந்து நிற்பார்கள். பாவின் இரண்டு பக்கமும் ஆள் நின்று, கஞ்சி காயக் காய இழையை விரலால் பிரித்துவிட வேண்டும், அறுந்ததை முடிய வேண்டும். ஆள் போதாமல் கஞ்சி உலர்ந்து இழையோடு இழை ஒட்டிக்கொண்டால் பட்டு பாழ். இன்றைக்கு உன் பாவுக்கு நான், நாளைக்கு என் பாவுக்கு நீ. அந்தத் தெருவே இப்படித்தான் பிழைத்தது.

காசிநாதன் வீடு வீடாகப் போய்ச் சொன்னான். எல்லோரும் தலையாட்டினார்கள். காலையில் கஞ்சிச் சட்டியோடு அவனும் கங்கையம்மாளும் தெருவில் நின்றார்கள். ஒருத்தரும் வரவில்லை. எதிர்வீட்டுத் திருஞானசம்பந்தம் கல்யாணமான நாளிலிருந்து அவன் பாவுக்கு முதல் ஆளாக வருகிறவன். அவன் மட்டும் கதவைப் பாதி திறந்து எட்டிப்பார்த்தான்.

"கை சுளுக்கிக்கிச்சு காசி. தூக்க முடியல."

"எந்தக் கை?"

சம்பந்தம் கொஞ்சம் யோசித்து வலது கையைக் காட்டினான். மத்தியானம் அதே கையால் அவன் தறி அடிக்கிற சத்தம் தெரு முழுக்கக் கேட்டது.

அடுத்த வாரமும் சொன்னான். அப்போதும் யாரும் வரவில்லை. வர முடியாது என்று எவனாவது முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். எல்லோரும் தலையாட்டினார்கள், அதுதான் தாங்கவில்லை. கஞ்சி ஏடு கட்டிப் புளித்துப்போய், கங்கையம்மாள் அதைக் கொல்லையில் கொட்டினாள். பாவு வீட்டுக்குள் மூட்டையாகக் கிடந்தது, தறி காலியாகக் கிடந்தது. இதற்கு மேல் தாமதமானால் பாவைத் திருப்பி எடுத்து வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடுவோம் என்று பட்டு கொடுத்த நெசவாளர் சங்கத்தில் சொல்லிவிட்டார்கள்.

வியாழக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டின்போது காசிநாதன் சொன்னான். கேழ்வரகுக் களியும் கத்திரிக்காய்க் குழம்பும். களியை உருட்டிக் கையில் வைத்துக்கொண்டே பேசினான்.

"நாளன்னிக்கு விடிகாலைல நாமளே போட்டுடலாம்."

"நாளன்னிக்கு அமாவாசை" என்றாள் கங்கையம்மாள்.

"தெரியும். அதனாலதான். தெருவுல ஒரு ஈ காக்கா இருக்காது. எல்லாரும் அசந்து தூங்கிக்கினு இருப்பானுங்க. நாம மூணு பேரும் கட்டி, கஞ்சி போட்டு, வெயில் வர்றதுக்குள்ள எடுத்துடலாம்."

"மூணு பேரால ஆவுமா?"

"ஆவுமோ ஆவாதோ. நமக்கு யாரும் வர்லன்னு நாலு பேரு வேடிக்க பாக்க மாட்டான் இல்ல? அது போதும்."

"அமாவாசைல பாவு தொட்டா குத்தம்பாங்க."

"குத்தம் எனக்குத்தான் வரும். நான் பாத்துக்கறேன்."

ஊர்வலம் உண்டு என்பது காசிநாதனுக்குத் தெரியும், அது நாளன்றைக்கு, இந்தத் தெரு வழியாக என்பதை மங்கை வீட்டில் சொல்லியிருக்கவில்லை. அமாவாசைக் காலையில் தெருவில் பாவு இருக்காது என்று சொல்லி ஊர்வலத்தை இந்தத் தெருவுக்கு இழுத்துவிட்டவளே அவள்தான். அப்பாவிடம் சொன்னால் பாவு போடமாட்டார், பாவு சங்கத்துக்குப் போய்விடும். அந்தச் சைக்கிளால்தான் இவ்வளவும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. பின்கட்டில் பாத்திரம் தேய்க்கும்போது அம்மாவிடம் மட்டும் சொன்னாள். கங்கையம்மாள் சாம்பல் கையை அலம்பிக்கொண்டே சொன்னாள்.

"நைனா கிட்ட சொல்லாத. டீச்சர் கிட்ட போயி வேற தெருவுல போவச் சொல்லு."

வெள்ளிக்கிழமை டீச்சர் கொடிக்கு மூங்கில் செதுக்கிக்கொண்டிருந்தாள். மங்கை பக்கத்தில் போய் நின்றாள்.

"டீச்சர், எங்க தெரு வேணாம் டீச்சர். பக்கத்துத் தெருவுல போயிடலாம்."

"ஏம்மா?"

"சும்மாதான் டீச்சர்."

"உன் தெருவுலதான் நெறைய பேரு வர்றேன்னு சொல்லியிருக்காங்க. அதை வுட்டுட்டா எப்படி? எல்லாரும் முனையில வந்து நிக்கறேன்னாங்க. என்ன விஷயம், சொல்லு."

சொல்லலாம்தான். எங்க வீட்டுக்கு யாரும் வர்றதில்ல டீச்சர் என்று ஒரு வரி.

"ஒண்ணும் இல்ல டீச்சர்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

சனிக்கிழமை பனி கொஞ்சம் இருந்தது. கிழக்கு வெளுக்கும்போதே காசிநாதன் பாவை விரித்து இரண்டு முனையிலும் மூங்கிலில் இழுத்துக் கட்டிவிட்டான். அரக்குப் பட்டு. வேறு நாளென்றால் இந்நேரம் தெருவில் இருமலும் சிரிப்பும் வெற்றிலைச் செல்லம் திறக்கிற சத்தமுமாக இருக்கும். அன்றைக்குக் கங்கையம்மாள் கஞ்சி அள்ளிப் பூசுகிற சத்தம் மட்டும் கேட்டது. மங்கை ஒரு பக்கம் இழை பிரித்துக்கொண்டே போனாள். அந்த முனைக்குப் போவதற்குள் இந்த முனை காயத் தொடங்கியது. காசிநாதன் இங்கும் அங்கும் ஓடினான். யாரும் பேசவில்லை. பேசினால் தெரு விழித்துவிடும் என்கிற மாதிரி.

பனி திடீரென்று விலகி, வெயில் பளிச்சென்று வந்தது. மாசி வெயிலுக்கு இது வழக்கந்தான். நடுவில் இழைகள் ஒட்ட ஆரம்பித்தன. கங்கையம்மாள் தண்ணீர் தெளித்துப் பார்த்தாள்.

"போவுதுங்க. கைக்கு அடங்காமப் போவுது."

அப்போது தெருமுனையில் பெல் சத்தம் கேட்டது. மங்கை தலை நிமிரவில்லை.

ஏலவார்குழலி டீச்சர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். முன்னால் கொடியோடு எல்லம்மாள். பின்னால் செவிலிமேட்டுப் பெண்கள் மூன்று பேர், பொன்னியம்மாளும் அவள் தங்கைகளும். அவ்வளவுதான் ஊர்வலம். தெருமுனையில் நிற்கிறேன் என்று சொன்ன பெண்களில் ஒருத்திகூட நிற்கவில்லை. வழியில் எந்தத் தெருமுனையிலும் யாரும் நிற்கவில்லை. தினமும் நடக்கிறவர்கள் மட்டுமே அன்றைக்கும் நடந்துவந்தார்கள். டீச்சர் வெள்ளைப் புடவைக்குக் கஞ்சி போட்டுக் கட்டியிருந்தாள். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள அவள் பட்ட பாடு பார்க்கிறவர்களுக்குத்தான் கஷ்டமாக இருந்தது.

பாவைப் பார்த்ததும் நின்றாள்.

"மங்கை, இன்னைக்குப் பாவு இருக்காதுன்னு நீதான சொன்ன?"

காசிநாதன் ஓடுவதை நிறுத்திவிட்டு மகளைப் பார்த்தான்.

"இவங்க இன்னிக்கு வருவாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும் நைனா."

"ஏம்மா சொல்லல?"

"உன் கிட்ட சொன்னா நீ பாவு போடமாட்ட. டீச்சர் கிட்ட சொல்லணும்னா நமக்கு யாரும் வர்லன்னு சொல்லணும்."

டீச்சருக்கு இப்போதுதான் விளங்கியது. கதவுகளைப் பார்த்தாள், மூன்று பேரைப் பார்த்தாள். சைக்கிளைச் சுவரில் சாய்த்தாள்.

"எனக்கும் யாரும் வர்லம்மா" என்றாள்.

பெல் சத்தத்துக்கு அங்கங்கே கதவு திறந்தது. கைலாசம் வெளியே வந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார். சம்பந்தம் படியில் நின்றான். அமாவாசையில் பாவு, அதற்கு மூன்றே ஆள். யாரும் பார்க்கக்கூடாது என்று காசிநாதன் நினைத்ததை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எல்லம்மாள் பாவின் ஓரம் குனிந்து பார்த்தாள்.

"ஒட்டிக்கினு போவுதே. இத பிரிச்சி வுடணுமா? நாங்க புடிக்கட்டுமா?"

காசிநாதன் எல்லம்மாளின் கையைப் பார்த்தான். செவிலிமேட்டுக் காலனிப் பெண்கள் அந்தத் தெருவில் ஒரு வீட்டுப் படி ஏறியதில்லை. பாவைத் தொடுவது பற்றிப் பேச்சே இல்லை. கங்கையம்மாள் அவன் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்.

"வேணாங்க. சைக்கிளுன்னா ரெண்டு மாசத்துல மறந்துடுவாங்க. இது ஆச்சுன்னா எப்பவுமே வரமாட்டாங்க."

"இப்ப வந்தாங்களா?"

காசிநாதன் எதிரே சம்பந்தத்தைப் பார்த்தான். சம்பந்தத்தின் விரல்கள் இழை பிரிக்கிற மாதிரி தானாக அசைந்துகொண்டிருந்தன. ஆனால் அவன் படி இறங்கவில்லை. காசிநாதன் அவனுக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பிறகு பெண்கள் பக்கம் திரும்பினான்.

"கைய அலம்பிக்கினு வாங்கம்மா. வளையல் இருந்தா கழட்டிடுங்க, இழையில மாட்டும்."

பாவுக்கு வருகிற பெண்கள் யாரானாலும் சொல்கிற அதே வார்த்தைதான். கங்கையம்மாள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். எட்ட நின்று ஊற்றுவதா, கையில் கொடுப்பதா என்று தயங்கி நின்றாள். அப்புறம் எல்லம்மாள் கையிலேயே செம்பைக் கொடுத்தாள்.

இரண்டு பக்கமும் ஆள் நின்றது. நாற்றுக்கட்டு பிரித்துப் பழகிய கைகள், சொல்லிக்கொடுத்ததும் பிடித்துக்கொண்டன. டீச்சருக்குத்தான் வரவில்லை. இரண்டு இழையை அறுத்துவிட்டு முழித்தாள். மங்கை வந்து முடிந்து கொடுத்தாள்.

"கூட்டமா நடக்கணும்னு கூட்டிக்கினு வந்து, நிக்க வெச்சிட்டீங்களே டீச்சர்" என்றாள் எல்லம்மாள்.

டீச்சர் சிரித்தாள். கங்கையம்மாளும் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு கேட்டதும் கைலாசம் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். அதன் பிறகு ஒவ்வொரு வீடாகக் கதவு சாத்துகிற சத்தம் தெருமுனை வரைக்கும் போனது. சம்பந்தம் கடைசியாகச் சாத்தினான்.

பாவு நன்றாக வந்தது. வெயில் சுடுவதற்குள் சுருட்டிவிட்டார்கள். பாவுக்கு வந்தவர்களுக்கு இட்லியும் காப்பியும் கொடுப்பது வழக்கம். யாரும் வரமாட்டார்கள் என்று கங்கையம்மாள் மாவே ஆட்டியிருக்கவில்லை. ராத்திரிக் களியில் மோர் ஊற்றிக் கரைத்து வாசலில் வைத்துக் கொடுத்தாள். எல்லோரும் நின்றபடியே குடித்தார்கள்.

"நீயும் போ" என்று காசிநாதன் மகளிடம் சொன்னான். "சைக்கிள எட்த்துக்கினு போ. ஊர்கோலம் ஸ்கூல் வரைக்கும் போவணும் இல்ல?"

"நைனா, தெருவுல எல்லாரும்..."

"போம்மா. ஓட்டிக்கினு போ. தள்ளிக்கினு போவாத."

மங்கை ஏறினாள். டீச்சர் ஏறினாள். கொடி முன்னால் போனது. சாத்திய கதவுகளுக்கு நடுவே அவர்கள் தெருவைக் கடந்து திரும்புகிறவரைக்கும் காசிநாதன் பார்த்துக்கொண்டு நின்றான். யார் கண்ணிலும் படக்கூடாது என்றுதான் அன்றைக்கு விடிகாலையில் வெளியே வந்தான். இப்போது யாராவது ஒருத்தர் பார்த்தால் தேவலை என்று அவனுக்கு இருந்தது.

வழக்கப்படி குரல் கொடுத்தான்.

"பாவு எடுத்தாச்சு, வழி வுடலாம்."

சம்பந்தம் வீட்டுக் கதவிடுக்கில் ஒரு நிழல் அசைந்தது. பதில் வரவில்லை. எங்கோ இரண்டு தெரு தள்ளி மங்கையின் சைக்கிள் பெல் கேட்டது, அதுவும் நின்றுபோனது.

கங்கையம்மாள் கஞ்சிச் சட்டியை எடுத்துக்கொண்டாள்.

"உள்ள வாங்க. இவ்ளோ ஆச்சு, இன்னிக்கே தறியில ஏத்திடலாம்."

காசிநாதன் பாவைத் தோளில் தூக்கிக்கொண்டான். சாத்தியிருந்த கதவுகளை ஒரு தடவை பார்த்தான்.

"வேணாம்" என்றான். "இன்னிக்கு அமாவாசை. நம்ம தெருவுல தறி ஏறக்கூடாது."